காபிக்கு முன் பாதம்

அன்று ஒற்றைச் செருப்போடு வீட்டுக்கு வந்திருக்கிறேன். மைசூர் அக்ரஹாரத்தில் நான் அச்சுக் கோத்த அச்சகத்திலிருந்து நடந்து வந்த வழியில், மற்றது கழன்று விழுந்தது எனக்குத் தெரியவே இல்லை.

"ஏனுங்க, இன்னொரு செருப்பு எங்கீங்க?" என்று என் மனைவி ராசம்மா கேட்ட பிறகுதான் குனிந்து பார்த்தேன்.

சுதந்திரம் வந்து சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ராசம்மா என்னை மருத்துவமனைக்கு அழைத்துப் போனாள். மருத்துவர் என் பாதத்தைப் பஞ்சால் தொட்டார்; ஊசியால் குத்தினார். இரண்டும் தெரியவில்லை. தொழுநோய் என்றார். நான் அழுதுவிட்டேன். ராசம்மா, "மருந்து இருக்குதுங்களா?" என்று மட்டும் கேட்டாள்.

"புதுசா மாத்திரை வந்திருக்கிறது. நோய் நின்றுவிடும். ஆனால் போன உணர்வு திரும்பாது. காயம் பட்டாலும் இவருக்கு வலிக்காது. தினமும் பாதத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்."

மாத்திரையை நான் மறக்கவில்லை. பாதத்தை நாலு நாள் பார்த்தேன், பிறகு விட்டுவிட்டேன். வலிக்காத காலை யார் நினைப்பார்கள்? இரண்டே மாதத்தில் உள்ளங்காலில் ஆறாப்புண் (உணர்விழந்த இடத்தில் அழுத்தம் பட்டு உண்டாகும் ஆழமான புண்). மூன்று வாரம் படுக்கை. இன்னொரு முறை வந்தால் விரல்களை எடுக்க வேண்டியிருக்கும் என்றார் மருத்துவர்.

ராசம்மா திட்டவில்லை. "நீங்க ஒரு நாளும் மறக்காதது என்னங்க?" என்று கேட்டாள்.

"காபி."

"அப்பக் காலைப் பார்த்தாத்தான் காபி."

சுவர்க் கண்ணாடியைக் கழற்றி அடுப்பருகே தரையில் சாய்த்து வைத்தாள். காலையில் நான் பாதத்தைத் திருப்பிப் பார்த்து முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருப்பாள். எனக்குக் கோபம் வந்த நாட்கள் உண்டு. "காபி ஆறுதுங்க" என்பாள், அவ்வளவுதான். எனக்கு முன் ஒரு வாய்கூட அவள் குடித்ததில்லை.

அடுத்த ஆண்டு, தன் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று அவள் கொள்ளேகால் போனாள். மறுநாள் காலை ஹோட்டலில் எனக்குக் காபி வந்தது. டம்ளரை எடுக்கப் போன கை, கீழே போய்ச் செருப்பைக் கழற்றியது. யோசித்துச் செய்யவில்லை. காலை மடித்துப் பார்த்தால் குதிகாலில் இரத்தம். செருப்பு ஆணி ஏறியிருந்தது. எதிரில் இருந்தவர் முகம் சுளித்தார். எழுந்து நேரே மருத்துவமனைக்குப் போனேன். புண் ஆழமாகவில்லை, ஒரு வாரத்தில் ஆறிவிட்டது.

ஊரிலிருந்து வந்த ராசம்மா, நடந்ததைக் கேட்டுவிட்டு என் பாதத்தை மடியில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் சொல்லவே இல்லைங்களே" என்று சிரித்தாள். கண் கலங்கியிருந்தது.

இதே நோய் உங்களுக்கும் இருந்தால், மன உறுதியை மட்டும் நம்பாதீர்கள். எனக்கு அது நாலு நாள்தான் தாங்கியது. விடாமல் செய்கிற ஒன்றோடு இதையும் சேர்த்துவிடுங்கள். பொறுமையாக எதிரில் உட்கார ஒருவர் இருந்தால், அது பாக்கியம்.

மாத்திரை நின்று வெகுநாளாயிற்று. தரையில் நடப்பது இன்றும் எனக்குத் தெரிவதில்லை. கண்ணால் பார்க்கும்வரை இவை என் கால்கள் என்றே தோன்றாது. பார்த்த பிறகுதான் எனக்கு விடிகிறது.