கஸ்பெகியில் ஒரு பாறணை

ஜோர்ஜியாவுக்குப் போவதற்கு முன் நான் சரிபார்த்தவை இவை: ஒக்டோபர் மாதத்துக் குளிர், அம்மா வேலைசெய்யும் பள்ளிக்கூடத்தின் விடுமுறை, தேவாலயங்களுக்குள் பெண்கள் தலையை மூடவேண்டுமா, மரக்கறிச் சாப்பாடு கிடைக்குமா, மலைப்பாதை அம்மாவின் முழங்காலுக்குச் சரிவருமா. கட்டிடங்கள் நிற்குமா விழுமா என்று கணக்குப் பார்ப்பது என் தொழில். கவனிக்காமல் விட்ட ஒன்றுதான் பிறகு வெடிப்பு விடும் என்று எனக்குத் தெரியும். நான் கவனிக்காமல் விட்டது கந்தசட்டி.

அதற்கு முந்தைய வருடம் அது நவம்பரில் வந்திருந்தது. இந்த வருடமும் அப்படித்தான் என்று அம்மாவும் நினைத்துவிட்டார். லண்டன் ஆர்ச்வே முருகன் கோயிலிலிருந்து நோட்டீஸ் வந்தபோதுதான் பார்த்தோம். ஒரு கிழமைச் சுற்றுலாவும் ஆறு நாள் விரதமும் ஒன்றின்மேல் ஒன்று அச்சாகப் பொருந்தியிருந்தன.

“நான் இதைக் கான்சல் பண்ணட்டோ?” என்று கேட்டேன்.

“ஏன்? முருகன் மலையிலை இருக்கிறவர்தானே. நாங்களும் மலைக்குத்தான் போறம்.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் விரதத்தை விடுகிற பேச்சே இல்லை என்பது இருவருக்கும் தெரியும். அக்காவுக்கு இரண்டு கர்ப்பம் தங்கவில்லை. முதலாவது போனபோது, ஆறு வருடம் கந்தசட்டி பிடிக்கிறேன் என்று அம்மா நேர்ந்திருந்தார். இது ஆறாவது வருடம். அக்காவுக்கு இப்போது ஐந்து மாதம். இடையில் ஒரு வருடம் பிசகினாலும் நேர்த்தி முறிந்துவிடும், திரும்ப முதலிலிருந்து தொடங்கவேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. எங்கள் வீட்டில் யாரும் அந்தக் கணக்கைப் பிழை பார்ப்பதில்லை. நானும் பார்ப்பதில்லை.

அம்மா விரதம் பிடிக்கும் முறை கொஞ்சம் கடினமானது. முதல் ஐந்து நாளும் பின்னேரத்தில் ஒரு பேணி பாலும் பழமும். ஆறாம் நாள், சூரன்போர் அன்று, வெறும் தண்ணீர். ஏழாம் நாள் விடிய முழுகிக் கும்பிட்டுச் சோறு சாப்பிட்டு முடிப்பது. அதைத்தான் பாறணை என்போம். சோறு இல்லாவிட்டால் பாறணை இல்லை, பாறணை இல்லாவிட்டால் ஆறு நாளும் பட்டினி கிடந்தது மட்டுந்தான் மிச்சம்.

முதல் நாளே எங்கள் சுற்றுலாக் குழுவின் வழிகாட்டியிடம் விஷயத்தைச் சொன்னேன். அம்மாவின் வயதுப் பெண், தலைமயிருக்குச் சிவப்புச் சாயம் பூசியிருந்தார், முன்பு பள்ளிக்கூடத்தில் ஜேர்மன் மொழி படிப்பித்தவர். லண்டனில் அம்மா வேலைசெய்யும் பள்ளிக்கூடக் குசினியில் வருடா வருடம் இதே கேள்விகள்தான்: பாண் துண்டு கூடச் சாப்பிடமாட்டாயா, டொக்டரிடம் கேட்டாயா, ஏன் இப்படி உன்னை வருத்துகிறாய். வழிகாட்டி இவற்றில் ஒன்றும் கேட்கவில்லை. “விரதமா, நல்லது” என்றார். அங்கே புதனும் வெள்ளியும் பலருக்கு விரத நாள். உணவகங்களில் விரதச் சாப்பாட்டுக்கென்றே தனிப் பக்கம் உண்டு. எந்தக் கடையிலும் அந்த ஒரு சொல்லைச் சொன்னால் போதும், மேலே விளக்கம் தேவையில்லை.

ஒரே ஒரு இடத்தில்தான் மாட்டுப்பட்டோம். அன்று பின்னேரம் அம்மா பால் கேட்டார்.

“பாலா?” வழிகாட்டி கண்ணை அகல விரித்தார். “விரதத்தில் பாலா? அது மிருகத்திலிருந்து வருவது!”

“அப்ப நீங்கள் என்ன குடிப்பியள்?”

“வைன்.”

அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். “விரதத்திலை வைனோ! கேட்டியே பிள்ளை?”

அதற்குப் பிறகு ஒவ்வொரு பின்னேரமும் இருவரும் தங்கள் பேணியையும் கிளாஸையும் உயர்த்தி, ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார்கள்.

அந்த நாட்டைப் பற்றி நான் எழுதத் தொடங்கினால் நிறுத்தமாட்டேன், ஆகையால் மூன்று விஷயங்கள் மட்டும். மஸ்கெத்தாவில் இரண்டு ஆறுகள் சேரும் இடத்துக்கு மேலே, செங்குத்துப் பாறையின் விளிம்பில், ஆயிரத்துநானூறு வருடமளவில் நிற்கும் ஒரு சிறிய தேவாலயம். கீழே சதுரம், மேலே வட்டக் கூரை. சதுரத்தின் மூலைகளில் சின்னச் சின்ன வளைவுகளை ஒன்றின்மேல் ஒன்றாக முன்னே தள்ளி, எட்டு மூலையாக்கி, பதினாறாக்கி, கடைசியில் வட்டமாக்கியிருக்கிறார்கள். இரும்பு இல்லை. பூமி அடிக்கடி நடுங்கும் நாடு. நான் கழுத்து நோகும்வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டாவது, கிராமத்து வீடுகளில் வைன் ஊறும் மண்தாழிகள். கழுத்துவரை நிலத்துக்குள் புதைத்திருப்பார்கள், ஒரு ஆள் உள்ளே இறங்கி நின்று கழுவும் அளவு பெரியவை. மூன்றாவது, பாட்டு. ஒரு தேவாலயத்தில் மூன்று ஆண்கள், வாத்தியம் எதுவுமில்லாமல், மூன்று வேறு வேறு குரலில் பாடினார்கள். ஒரு குரல் மற்றதோடு உரசுவதுபோல வந்து, உரசாமல் பக்கத்திலேயே நின்றது.

அம்மாவுக்குப் பிடித்தது வேறு. அந்த நாட்டுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்தது ஒரு பெண். திராட்சைக் கொடியின் இரண்டு தடிகளைத் தன் கூந்தலால் கட்டிச் சிலுவை செய்தாளாம். அதனால் அங்குள்ள சிலுவையின் கைகள் சற்றே கீழே சரிந்திருக்கும். “கையிலை கிடந்ததை வைச்சுச் செய்திருக்கிறாள், கெட்டிக்காரி” என்றார் அம்மா.

ஆறாம் நாள் வெள்ளிக்கிழமை. வடக்கே மலைகளுக்குள் ஏறி, கஸ்பெகி என்ற சிறு ஊருக்குப் போனோம். அம்மாவை விடுதியில் படுக்கவைப்பதற்கு நான் காரணங்களை வரிசையாகச் சொன்னேன். அவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டார். ஊருக்கு மேலே மலையில் இருக்கும் தேவாலயம் வரை ஜீப்பில் போகலாம். அம்மா சால்வையால் தலையை மூடி, மதில் ஓரத்துக் கல்லில் உட்கார்ந்தார். முன்னால் பனி மூடிய பெருமலை, மேகம் விலகி விலகித் தெரிந்தது.

“வேலும் சேவலும்தான் இல்லை” என்றார் பிறகு. மணிக்கூட்டைப் பார்த்தார். “இப்ப ஆர்ச்வேயிலை சூரன் வெளிக்கிட்டிருப்பார்.”

அவருடைய உதடு காய்ந்திருந்தது. அவர் பார்க்காதபோது நாடியைப் பிடித்துப் பார்க்கலாமா என்று யோசித்தேன்.

அன்று தங்கிய விடுதியை நடத்தியவர் அறுபது வயதளவில் ஒரு அம்மா. அவருக்கு ஆங்கிலம் தெரியாது. வழிகாட்டி பஸ்ஸிலிருந்தே அவருக்கு ஃபோன் செய்து சொல்லியிருந்தார்: ஒருவர் கடும் விரதம், இன்று தண்ணீர் மட்டும், நாளை விடிய அவருக்குச் சோறு வேண்டும், இறைச்சி கூடாது. விடுதி அம்மா எங்களை வாசலில் வரவேற்றபோது மற்றவர்களுக்குச் சிரித்தார், அம்மாவுக்கு மட்டும் சிரிக்கவில்லை. இரண்டு கையாலும் அம்மாவின் கையைப் பிடித்து, நெஞ்சில் வைத்து, ஏதோ மெதுவாகச் சொன்னார். “விரதத்துக்கு என்ன மரியாதை குடுக்கினம், பார்” என்றார் அம்மா என்னிடம்.

விடிய அம்மா முழுகி, திருநீறு பூசி, ஜன்னல் வழியே மலையைப் பார்த்துக் கும்பிட்டார். கீழே இறங்கினோம். குசினியிலிருந்து மிளகு வாசமும் சோற்று வாசமும் வந்தன. அம்மாவின் முகம் மலர்ந்தது. அடுப்பில் ஒரு பெரிய சட்டி. காளான் போட்டுக் குழையக் காய்ச்சிய சோறு.

வழிகாட்டி மூடியைத் திறந்து எட்டிப்பார்த்தார். மூடியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டார். பிறகு விடுதி அம்மாவிடம் தாழ்ந்த குரலில் வேகமாக ஏதோ கேட்டார். அவரும் அதே தாழ்ந்த குரலில் பதில் சொன்னார். இருவரும் எங்களைப் பார்த்தார்கள்.

“மன்னிக்கவேண்டும்” என்று வழிகாட்டி என்னிடம் சொன்னார். “உங்கள் வீட்டில் யார் இறந்தது?”

“ஒருவருமில்லையே!”

“தண்ணீர் மட்டும் குடிக்கிறார் என்றதும், துக்கத்துக்காக என்று இவர் நினைத்துவிட்டார். இந்தச் சோறு எங்களிடம் செத்தவீட்டில் காய்ச்சுவது.”

அம்மாவுக்கு அந்த அளவு ஆங்கிலம் நன்றாகவே விளங்கும். கையில் எடுத்த கோப்பையை மேசையில் வைத்தார். நான் உடனே கணக்குப் போட்டேன்: பஸ் வெளிக்கிட இருந்த நேரம், அன்றைய விமானத்துக்குப் போகும் மலைப்பாதை, தலைநகர் திபிலிசியில் அரிசி விற்கும் கடை, சமைக்க இடம். எந்த வழியாலும் சரிவரவில்லை. ஐந்து வருடமும் ஆறு நாளும் அந்தச் சட்டிக்குள் இருந்தன.

“ஆரும் சாகேல்லை எண்டு சொல்லு” என்றார் அம்மா. பிறகு என்னை எதிர்பாராமல் தானே விடுதி அம்மாவைப் பார்த்து, தன் வயிற்றின் முன்னால் கையை வளைத்துக் காட்டினார். என்னைச் சுட்டி, இல்லை என்று தலையாட்டி, இவளுக்கு மூத்தவள் என்பதுபோலக் கையை உயர்த்தினார். “டோட்டர். பேபி கமிங்.”

“வய்மே!” என்று விடுதி அம்மா தலையில் கையை வைத்தார்.

அதற்குப் பிறகு நாங்கள் ஒன்றும் விளக்கவேண்டியிருக்கவில்லை. அவர் சட்டியைத் துணியால் பிடித்துத் தூக்கிக்கொண்டுபோய்ப் பின்கதவுக்கு வெளியே வைத்தார். ஜன்னலைத் திறந்துவிட்டார். சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினார். சிலுவை அடையாளம் போட்டார். அரிசிப் போத்தலைக் குலுக்கிப் பார்த்து, மிச்சம் இருந்ததை அம்மாவின் கையிலேயே கொடுத்தார். அம்மா அரிசியைத் திரும்பத் திரும்பக் கழுவுவதைப் பார்த்து ஏதோ முணுமுணுத்தார்.

“அரிசி கரைந்துவிடும் என்கிறார்” என்றார் வழிகாட்டி.

“கரையாது எண்டு சொல்லுங்கோ.”

வெளியே பஸ் ஹோர்ன் அடித்தது. வழிகாட்டி போய் என்ன சொன்னாரோ, எஞ்சினை நிறுத்தினார்கள். சோறு வேகும்வரை விடுதி அம்மா கீரையை அவித்து, வால்நட் அரைத்துப் பிசைந்து, மேலே மாதுளை முத்துக்களைத் தூவினார். அம்மா புதிய சட்டியைத் திறந்தபோது ஆவி ஜன்னல் பக்கம் போனது. கொஞ்சம் அடிப்பிடித்திருந்தது. அம்மா கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு, வெறுஞ்சோற்றில் ஒரு பிடி எடுத்து வாயில் வைத்தார்.

விடுதி அம்மா உட்காரவில்லை. ஒவ்வொரு வாயையும் நின்றபடி பார்த்துக்கொண்டிருந்தார். பாதிக் கோப்பை முடிந்தபோது ஒரு கேள்வி கேட்டார்.

“ஆணா பெண்ணா வேண்டும் என்று கேட்கிறார்.”

“எதெண்டாலும் பரவாயில்லை. சுகமா வெளியிலை வரட்டும்.”

வழிகாட்டி மொழிபெயர்த்தார். விடுதி அம்மா பலமாகத் தலையாட்டினார். அம்மா இடது கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு தொடர்ந்து சாப்பிட்டார்.

வாசலில் எங்கள் குழுவினர் காத்து நின்றார்கள். குளிரில் அவர்களுக்கும் பசி. பின்கதவுக்கு வெளியே இருந்த சட்டியை யாரோ கண்டுபிடித்துவிட்டார்கள். எதற்கான சோறு என்று வழிகாட்டி சொல்லித்தான் பார்த்தார். அவர்களுக்கு அது ஒரு பொருட்டாக இல்லை. கோப்பைகள் வந்தன.

“நான் சாப்பிடலாமோ?” என்று அம்மாவிடம் கேட்டேன்.

அம்மா சட்டியையும் என்னையும் பார்த்தார். “உனக்கென்ன, இன்னும் கலியாணமே ஆகேல்லை. சாப்பிடு. கொக்காக்கு மட்டும் சொல்லிப்போடாதை.”

இரண்டு கோப்பை சாப்பிட்டேன். அவ்வளவு ருசி. அக்கா இதை வாசிப்பாள் என்ற பயம் எனக்கு இல்லை. இப்போதெல்லாம் அவளுக்கு நித்திரை கொள்ளவே நேரம் கிடைப்பதில்லை.