பிரதர் என்று கூப்பிட்டார்கள்

யூட் டிலோஷன் பதினேழு வயதில் தாய் எமல்டாவிடம் சொன்னது ஒரே ஒரு வசனம். புளூ மவுண்டன்ஸ் மலைப்பகுதியில் மூன்று நாள் கத்தோலிக்க இளைஞர் தியானம் முடிந்து காரில் திரும்பும்போது, "சுவாமியாப் போகலாமோ எண்டு யோசிக்கிறன் அம்மா" என்றான். எமல்டா காரை ஓரமாக நிறுத்திவிட்டு அழுதாள். அடுத்த ஞாயிறு பென்டில் ஹில் தமிழ்க் கடைக்கு மரக்கறி வாங்கப் போன இடத்தில் மூன்று பேர் அவனுக்குக் கைகொடுத்து வாழ்த்தினார்கள். யோசிக்கிறன் என்ற சொல் அந்த ஒரு வாரத்துக்குள் எங்கோ விழுந்துபோயிருந்தது.

அவன் பொய் சொல்லவில்லை. அந்தத் தியானத்தில் நற்கருணைக்கு முன் முழந்தாளில் இருந்தபோது, யாரோ பக்கத்தில் வந்து அமர்ந்தது போல இருந்தது. அதை நம்பித்தான் பள்ளிக்கூடம் முடிந்ததும் சுவாமிமாராகப் படிக்கும் குருமடத்தில் சேர்ந்தான். முதல் வருடம் நன்றாகவே போனது. இரண்டாம் வருடம் தொடங்கிச் சில வாரங்களில், காலைச் செபத்துக்கு மணி அடித்த பிறகும் போர்வைக்குள்ளேயே கிடந்தான்.

விடுமுறைக்கு வீட்டுக்கு வந்தால் மூச்சு விடலாம் என்று நினைப்பான். வீடு இன்னும் இறுக்கமாக இருந்தது. குருமட மாணவன் என்பதால் எல்லோரும் அவனைப் 'பிரதர்' என்றார்கள். அவன் உள்ளே வந்ததும் அங்கிள்மார் பியர் கிளாஸை மேசைக்குக் கீழே வைத்தார்கள். கூடப் படித்த பிரஷாந்தன் பகிடி ஒன்றைப் பாதியில் நிறுத்தி, "சொறி பிரதர்" என்றான். புதுக் கார் வாங்கியவர்கள் செபிக்கக் கூப்பிட்டார்கள். எமல்டா அவனுக்கு நிறச் சேர்ட்டுகள் வாங்குவதையே விட்டுவிட்டாள்.

தாயிடம் சொல்லிவிட இரண்டு முறை முயன்றான். முதல் முறை அவன் வாயைத் திறக்குமுன் அவள் முந்திக்கொண்டாள். "பதினொரு வருசம் ஆஸ்பத்திரி குசினியில தட்டுக் கழுவினனான். உன்னாலதான், மகன், என்னை இப்ப நாலு சனம் மதிக்குது." இரண்டாம் முறை, ரயிலில் வசனங்களை ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தான். வீட்டு வாசல் நிறையச் செருப்புகள். உள்ளே அவனுக்காகச் செபமாலை நடந்துகொண்டிருந்தது.

மூன்றாம் வருடம் ஓகஸ்ட் மாதம், தமிழ்ப் பூசை முடிந்ததும் மண்டபத்தில் இளையோருக்குத் தேவ அழைத்தல் பற்றிப் பேசச் சொன்னார்கள். தியானத்தில் நடந்ததை அவன் சொன்னான். எத்தனையோ முறை சொன்ன கதை. நாக்கு தானாகவே ஓடியது. முடிந்ததும் சயந்தினி என்ற பன்னிரண்டாம் வகுப்புப் பெண் எழுந்தாள். கன்னியர் மடத்தில் சேரலாமா என்று அவளும் யோசித்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணா, அந்த ஃபீலிங் இப்பவும் இருக்கா?"

அவள் முகத்தைப் பார்த்த பிறகு வழக்கமான பதில் வரவில்லை.

"இல்லை," என்றான். "ஒண்டரை வருசமா இல்லை."

மைக்கில் அது பெரிதாகக் கேட்டது. கூட்டத்தை நடத்திய இந்திரகுமார் அங்கிள் சிரித்துச் சமாளித்து எல்லோரையும் தேநீருக்குக் கூப்பிட்டார். பின்னால் ரோல்ஸ் பலகாரத் தட்டோடு நின்ற எமல்டா தட்டை வைத்துவிட்டு வெளியே போனாள்.

காரில் அவள்தான் முதலில் வாய் திறந்தாள். "எனக்குச் சொல்லாமல் சனத்துக்கு முன்னால சொல்லுவியே?"

"சொல்ல வந்தனான் அம்மா. வீட்டில சொல்ல இடம் இருக்கேல்லை."

அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். காரை ஓட்டிக்கொண்டிருந்த தகப்பன் அருளப்பு, "சாப்பிட்டனியோடா?" என்று கேட்டார். மூன்று வருடங்களாக அந்த வீட்டில் யாரும் அவனை டா போட்டதில்லை.

விலகப்போவதாக அவன் சொன்னபோது, டிசம்பர் வரை பொறுத்துப் பார்க்கும்படி குருமட அதிபர் கேட்டார். நேர்மையாகப் பொறுத்துப் பார்த்தான். எதுவும் மாறவில்லை. இரண்டு சூட்கேஸ்களோடு வீட்டுக்கு வந்தான்.

இப்போது மருந்துக்கடை ஒன்றில் வேலை செய்துகொண்டு பிசியோதெரபி படிக்கிறான். எமல்டா ரொறன்ரோவிலுள்ள தங்கையிடம் மட்டும் இன்னும் உண்மையைச் சொல்லவில்லை. ஒரு சனிக்கிழமை அவன் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது, போன் ஸ்பீக்கரில் அந்தத் தங்கை கேட்டாள். "அக்கா, தம்பிக்கு எப்ப குருப்பட்டம்? நாங்கள் டிக்கெட் போடவேணும்."

"இன்னும் நாலு வருசம் இருக்கு," என்றாள் எமல்டா.

அவன் ஈரக் கையைத் துடைக்காமலே போனை எடுத்தான். "சின்னம்மா, நான் வெளியால வந்திட்டன். ஏழு மாசமாச்சு."

சின்னம்மா பிறகு எடுப்பதாகச் சொல்லி வைத்துவிட்டாள். எமல்டா மகனைப் பார்த்து மெதுவாகச் சொன்னாள்: "எனக்குப் பழகக் கொஞ்ச நாள் வேணும். அதுவரைக்கும் ஒண்டும் கேக்காதை."

"ஓம் அம்மா."

மறுநாள் மூவரும் ஒரே காரில்தான் பூசைக்குப் போனார்கள். எமல்டா முன்னால் போய் வழக்கமான மூன்றாவது வரிசை வாங்கில் இருந்தாள். அவன் வழக்கமாக இருக்கும் பக்கத்து இடத்தில் கைப்பையை வைத்தாள். டிலோஷன் கடைசி வாங்கில் முழந்தாளிட்டான். எழுந்து வெளியே போக மனம் வரவில்லை. முன்னால் போகக் கால் வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு அங்கேயே இருந்தான்.