தண்ணீர் ஏறும்வரை

நல்லெண்ணெயில் மிளகும் சீரகமும் பொரியும் வாசனை வந்தாலே, கூடவே போர்ட் கிள்ளான் கால்வாயின் சேற்று வாசனையும் எனக்கு வந்துவிடும். கால்வாய் கடலில் சேரும் இடத்தில் இருந்த அந்தச் சின்னத் துறைமுகத்தின் நுழைவை நாங்கள் "வாய்" என்போம். தண்ணீர் வற்றினால் வெறும் சேறுதான், எந்தப் படகும் உள்ளே வர முடியாது. வெளியே நிற்கும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி கொண்டுபோகும் படகில் அப்பா வேலை செய்ததால், எங்கள் வீட்டில் சோறு வடிப்பதுகூடக் கடலைக் கேட்டுத்தான். எதைக் கேட்டாலும் அம்மா, "தண்ணி ஏறட்டும், அப்பா வரட்டும்" என்பார்.

முந்தைய தீபாவளிக்கு அப்பா வரவில்லை. அதனால் அந்த ஆண்டு, அப்பா எண்ணெய் வைத்தால்தான் குளிப்போம் என்று நானும் தம்பியும் அடம்பிடித்தோம். விடிந்ததும் அம்மாவோடு கரைக்கு ஓடினால், அடக் கடவுளே, படகு வாயிலேயே சேற்றில் தட்டி நிற்கிறது! அப்பா கண்ணுக்குத் தெரிகிறார், கைக்கு எட்டவில்லை. எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"பிள்ளைங்களுக்கு நீயே எண்ணெய் வெச்சிடு லா! தண்ணி ஏற நேரமாகும்!" என்று அப்பா அங்கிருந்து கத்தினார்.

"இந்த வருஷமும் நீங்க இல்லாம தீபாவளியா? பேசாம இருங்க!" என்று அம்மா திருப்பிக் கத்தினார். கத்திய கையோடு வீட்டுக்குப் போய், எண்ணெயைப் போத்தலில் ஊற்றிவந்து, அண்டைவீட்டு மலாய்க்காரப் பெண்மணியிடம் கொடுத்தார். நாங்கள் "மாச்சிக்" என்று கூப்பிடும் அவர் சேற்றில் சிப்பி பொறுக்குபவர். பலகைமேல் ஒரு முழங்காலை ஊன்றி, மறுகாலால் உந்தி உந்திச் சேற்றின்மேல் வழுக்கிக்கொண்டே படகுக்குப் போய்விட்டார்.

அப்பா தம் தலையில் கொஞ்சம் தேய்த்துக்கொண்டு, விரல் தோய்த்த எண்ணெயைத் திருப்பி அனுப்பினார். அதைத்தான் அம்மா எங்களுக்கு வைத்தார். படகில் அவரும் கரையில் நாங்களும், எண்ணெய் வழிய வழிய, தண்ணீர் ஏறும்வரை ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டே நின்றோம். அப்படியொரு சந்தோஷத்தை நான் அதற்குப் பிறகு கண்டதில்லை.

இப்போது வாயை ஆழமாகத் தோண்டிவிட்டார்கள். சேறும் இல்லை, பலகையும் இல்லை. படகுகள் நினைத்த நேரத்தில் வருகின்றன. நல்லதுதான், எந்தப் பிள்ளையும் கரையில் நின்று அழ வேண்டாம்.

போன தீபாவளியன்று, ஜொகூரில் வேலை பார்க்கும் என் மகள் நெடுஞ்சாலையிலிருந்து போன் செய்தாள். "ரோட்டுல சரியான ஜேம்மா, வண்டி நகரவே இல்ல. நீங்கல்லாம் குளிச்சிடுங்க, எனக்காக வெயிட் பண்ணாதீங்க." செந்தூல் வீட்டில் என்னோடு இருக்கும் அப்பா, காதோரம் எண்ணெய் வழிய, போனை என் கையிலிருந்து பிடுங்கினார்.

"தண்ணி ஏறட்டும்மா, நீ மெதுவா வா. உன் எண்ணெயை நான் தொட்டு வெச்சிருக்கேன்."