புறம்போக்கில் பிறந்த மெட்டு

நல்லசிவம் மாமாவின் ஆர்மோனியப் பெட்டியைத் திறந்தால் முதலில் வெளியே வருவது சத்தம் அல்ல, வாசனை. பழந்தோலும் பாச்சை உருண்டையும் வெற்றிலையும் கலந்த அந்த வாசனை, எழுபதுகளின் நடுவில் ஓர் ஆடி மாதத்தில், கொழிஞ்சாம்பாறைக்குக் கிழக்கே கேரள எல்லையோரம் இருந்த எங்கள் தோட்டத்து வீட்டில் எட்டு நாள் குடியிருந்தது. அவர் எங்களுக்கு மாமா உறவெல்லாம் இல்லை. சினிமாவுக்கு இசையமைக்கிறவர். அம்மாவின் அண்ணன், கடலைக்காய் மில் வைத்திருந்த பொள்ளாச்சி மாமா, யார் பேச்சையும் கேட்காமல் ஒரு படம் எடுக்கக் கிளம்பி, மெட்டுப் போடுவதற்காக அவரை எங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கிவிட்டார். பட்டணத்தில் ஓட்டலில் தங்கவைத்தால் கெட்டுப்போவார் என்றும், எங்கள் வீட்டில் மோரைத் தவிர வேறு எதுவும் கிடைக்காது என்றும் அதற்குக் காரணம் சொன்னார்.

நல்லசிவம் மாமா நாடகக் கம்பெனியில் பின்பாட்டுப் பாடி, பிறகு கோடம்பாக்கத்தில் பன்னிரண்டு வருஷம் அடுத்தவர் மெட்டுக்கெல்லாம் ஆர்மோனியம் வாசித்தவர். சொந்தமாக இசையமைத்த மூன்று படங்களும் போஸ்டர் பசை காய்வதற்குள் கொட்டகையை விட்டு ஓடிவிட்டன. இது நான்காவது. கதாநாயகி பாடும் தாலாட்டு ஒன்றுதான் பாக்கி; அது தாலாட்டு என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. எட்டு நாளில் அது சரியாக அமையாவிட்டால் படத்தையே வேறொருவருக்குக் கொடுத்துவிடுவதாகப் பொள்ளாச்சி மாமா சொல்லியிருந்தார். "இதுவும் போச்சுன்னா, அக்கா, நான் ஊருக்குப் போய் மாடு மேய்க்க வேண்டியதுதான்" என்று அம்மாவிடம் சிரித்துக்கொண்டே சொல்வார். ஆனால் இலையில் சோறு அப்படியே இருக்கும்.

சாயங்காலமானால் பொள்ளாச்சி மாமாவின் கார் வரும். நாற்காலியில் சாய்ந்து, கண்ணை மூடி அன்றைய மெட்டைக் கேட்பார். "இன்னும் கொஞ்சம் உருகோணும், மாஸ்டர்" என்று சொல்லிவிட்டு எழுந்து போவார். ஐந்து நாளில் ஐந்து மெட்டு, ஐந்துக்கும் அதே தீர்ப்பு. ஒன்பது வயதான நானும் என் தம்பியும் ரசத்துக்குக்கூட "இன்னும் கொஞ்சம் உருகோணும்" என்று சொல்லி அம்மாவிடம் கரண்டியால் அடி வாங்கினோம்.

ஆறாம் நாள் பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் இறந்துபோனார். அப்பாவின் தங்கை பொன்னாத்தா அத்தை அங்கே போனாள். அவளுடைய ஒன்றரை வயதுப் பெண் குழந்தை காய்ச்சலில் போன பிறகு, புகுந்த வீட்டில் இருக்கப் பிடிக்காமல் எங்களோடு வந்துவிட்டவள். சுற்றுவட்டாரத்தில் எந்த "எழவு ஊடு" ஆனாலும் ஒப்பாரிக்கு அத்தைக்குத்தான் ஆள் வரும். செத்தது கிழவரானாலும் சரி, பங்காளியானாலும் சரி, அவள் தன் குழந்தையைத்தான் அழுகிறாள் என்பது எல்லாப் பெண்களுக்கும் தெரியும். அந்த மெட்டு அவளுடையது, வேறு யாரும் அதை எடுக்கமாட்டார்கள். அன்று கணவாய்க் காற்று அதைக் கரும்புக் காட்டின் மேலாக எங்கள் வாசலுக்குக் கொண்டுவந்தது. நல்லசிவம் மாமா வெற்றிலை மெல்வதை நிறுத்திவிட்டு நின்றார்.

மறுநாள் காலை, இட்லி தின்றுகொண்டிருந்தவர், எங்கள் பக்கம் யாரும் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தார். "அம்மா, நேத்து பாடினீங்களே, அதை இப்போ ஒரு தடவை பாடுங்க" என்று அத்தையிடம் கேட்டுவிட்டார். அம்மா கையிலிருந்த சட்னிக் கிண்ணத்தைக் கீழே போட்டாள்.

"ஏனுங்க, இத்தன பேரு உசுரோட இருக்கறப்ப ஊட்டுக்குள்ள ஒப்பாரி வெக்கச் சொல்றீங்களா?"

சாவு விழாத இடத்தில் ஒப்பாரி பாடினால் அங்கே சாவு விழும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. பாவம், அவருக்கு அது தெரியாது. தெரிந்தபோது முகம் கறுத்து, கையைக் கழுவிக்கொண்டு ஆர்மோனியப் பெட்டியை மூடினார். அத்தைதான் மனம் இளகினாள். "ஏழு நாளு நம்மூட்டுச் சோறு தின்ன மனுசன வெறுங்கையோட அனுப்பறதாங்ண்ணா?" என்று அப்பாவிடம் கேட்டாள்.

வீட்டில் பாடக்கூடாது, சரி. காட்டில் பாடலாம் என்றால் கரும்புக்கு ஆகாது என்றார் அப்பா. வாய்க்காலுக்கு அக்கரையில் பாடலாம் என்றால் அக்கரைத் தோட்டக்காரர் குறுக்கே கையை நீட்டி மறித்தார். போன மாதம்தான் அவர் வீட்டில் பேரன் பிறந்திருந்தான். கடைசியில் யாருக்கும் சொந்தமில்லாத இடம் ஒன்று அகப்பட்டது. கேரளாவும் தமிழ்நாடும் முட்டிக்கொள்ளும் இடத்தில், செக்போஸ்ட்டைத் தாண்டி இருந்த பனைமரப் புறம்போக்கு. ஆர்மோனியத்தை மாட்டுவண்டியில் ஏற்றி, உச்சிவெயிலில், அத்தையும் அப்பாவும் நானும் நல்லசிவம் மாமாவும் போனோம். அத்தை கிழக்குப் பார்த்து உட்கார்ந்து, தலையில் முக்காட்டை இழுத்துவிட்டு, நீ கிழக்கே போனாயா மேற்கே போனாயா என்று தன் மகளைக் கேட்கத் தொடங்கினாள். இரண்டு அடி எழுதிய நல்லசிவம் மாமா பென்சிலைக் கீழே வைத்துவிட்டார். செக்போஸ்ட் போலீஸ்காரர் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, "ஆரா மரிச்சது? ஆரா மரிச்சது?" என்று ஓடிவந்தார். யாரும் சாகவில்லை, சினிமாவுக்காக என்று அப்பா சொன்னதை அவர் கடைசிவரை நம்பவில்லை.

எட்டாம் நாள் சாயங்காலம் பொள்ளாச்சி மாமா மெட்டைக் கேட்டு, கண்ணைத் திறக்காமலே தலையாட்டினார். படம் தப்பியது. எங்களுக்கெல்லாம் ஒரே பெருமை. படத்தில் ஒரு சாவு வரும், அங்கே அத்தையின் பாட்டு வரும் என்று நாங்களாகவே முடிவுகட்டிக்கொண்டோம். அவரும் அதைத் திருத்தவில்லை. சொல்லப் பயந்திருப்பார் என்று இப்போது தோன்றுகிறது.

படம் வந்ததும் பத்துத் தோட்டத்துப் பெண்கள் பஸ் ஏறிப் பொள்ளாச்சிக்கு மேட்னி போனோம். கைக்குட்டையும் கையுமாக யார் சாவார் என்று காத்திருந்தோம். ஒருவரும் சாகிற வழியைக் காணோம். இடைவேளை முடிந்து கதாநாயகி தொட்டிலை ஆட்டினாள், புல்லாங்குழல் எடுத்துக் கொடுத்தது, அத்தையின் மெட்டு எழுந்தது. எங்கள் நான்கு வரிசையும் கோவென்று அழுதது. மற்றக் கூட்டம் திரும்பிப் பார்த்தது. டார்ச் அடித்துக்கொண்டு வந்த கொட்டகைக்காரர், "தாலாட்டுக்கு எதுக்கம்மா அழுவறீங்க?" என்று திகைத்துப்போனார். ஏழு மாதக் கர்ப்பமாக இருந்த என் சித்தியை அம்மா கையைப் பிடித்து வெளியே இழுத்துக்கொண்டு ஓடினாள். அத்தை மட்டும் அழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எழவுப் பாட்டத் தூக்கித் தொட்டல்ல போட்டவன் எம்பட ஊட்டு வாசப்படி மிதிக்கக் கூடாது" என்றார் அப்பா. ஊரும் அதையேதான் சொன்னது. ரேடியோவில் அந்தப் பாட்டு வந்தால், பிள்ளை பெற்ற வீடுகளில் படக்கென்று அணைத்தார்கள். மற்ற ஊர்களிலோ அதைப் போடாத கல்யாண வீடே கிடையாது. சித்திக்குப் பையன் சுகமாகப் பிறந்து கொழுகொழுவென்று வளர்ந்தான். அதற்குப் பிறகும் அப்பாவின் கோபம் ஆறவில்லை.

அடுத்த தை மாதம் நல்லசிவம் மாமா தட்டில் பழமும் சேலையும் வைத்துக்கொண்டு வந்தார். அப்பா உள்ளே போய்விட்டார். வாசலிலேயே நின்றவருக்கு அத்தை சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"தப்புப் பண்ணிட்டேன்மா. தாலாட்டுக்குன்னு சொல்லி உங்ககிட்ட கேட்டிருக்கணும்."

"கேட்டிருந்தா நான் பாடியே இருக்க மாட்டனுங்க" என்றாள் அத்தை. தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு, "ஒம்பது வருசமா அவள நாந்தானுங்க தூங்க உடாம அழுது அழுது எழுப்பிட்டே இருந்தன். நீங்க தூங்க வெச்சுட்டீங்க" என்றாள்.

அதற்குப் பிறகு அத்தை எந்த எழவு வீட்டுக்கும் பாடப் போகவில்லை. கூப்பிட வந்தவர்களிடம், புள்ள தூங்கறா என்று மட்டும் சொல்வாள்.

நல்லசிவம் மாமா அதற்குப் பிறகு பதினைந்து இருபது படம் செய்தார். நல்ல பாட்டுகள்தான். பிறகு காலம் வேறு தாளத்துக்கு மாறியது, வாய்ப்பும் நின்றது. கடைசி வருஷங்களில் பிள்ளைகளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். அந்தப் புறம்போக்கில் இப்போது ஒரு பெட்ரோல் பங்க். பனைமரம் ஒன்றுகூட இல்லை. ஒப்பாரி வைத்த பெண்களும் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். எழவு வீட்டில் இப்போது ஒலிபெருக்கிதான் அழுகிறது.

போன வருஷம் அத்தை போனாள். ஒலிபெருக்கி கட்ட வந்தவனைத் திருப்பி அனுப்பினேன். தலைமாட்டில் உட்கார்ந்தபோதுதான், அவளுடைய ஒப்பாரியில் கிழக்கே மேற்கே என்ற அந்தத் தொடக்கத்துக்கு மேல் ஒரு சொல்கூட எனக்கு நினைவில்லை என்பது உறைத்தது. தெரிந்ததெல்லாம் அந்தப் படத்துத் தாலாட்டு மட்டும்தான். அவள் நெற்றியில் கையை வைத்துக்கொண்டு அதை முதலடியிலிருந்து கடைசியடிவரை பாடினேன்.

யாரும் என்னைத் தடுக்கவில்லை.