இடுக்கைப் பார்க்காத வெல்மா

ஹாக்கெட் மலையிடுக்குக்கு எப்படிப் போவது என்று யாராவது கேட்டுவிட்டால், வெல்மா அக்கா கையிலிருக்கும் கரண்டியைக் கீழே வைத்துவிடுவார். அடுப்பில் இறைச்சி கருகிக் கரியானாலும் கவலையில்லை.

"ஆறு ரெண்டாப் பிரியும். இடது பக்கமே போங்க. சுண்ணாம்புப் பாறை ரெண்டு பக்கமும் செங்குத்தா நிக்கும். முதலை கெடக்கும், பயப்படாதீங்க. அது மீன் திங்கிற ரகம். நம்மளப் பாத்தா அதுதான் ஓடும்."

மூவாயிரம் கிலோமீட்டர் வண்டி ஓட்டி, புருவம் வரைக்கும் செம்மண் அப்பி வந்தவர்கள் வாயைப் பிளந்து கேட்பார்கள். அடுத்த ஊருக்கு இங்கிருந்து நாலு மணி நேரம். இருபத்திரண்டு வருடமாக இந்தப் பெட்ரோல் பங்க்கையும் ஒட்டிய சாப்பாட்டுக் கடையையும் அக்காதான் நடத்துகிறார். இடுக்கு பதினோரு கிலோமீட்டர்தான். ஒரு நாள்கூட அவர் அங்கே போனதில்லை.

எனக்கு மட்டும் இது தெரியும். பக்கத்துக் கொட்டகையில் டயருக்குப் பஞ்சர் ஒட்டுகிறவன் நான். ஒரு கிறிஸ்துமஸ் அன்று மூன்றாவது பீரில் அவரே உளறிவிட்டார். இங்கே வந்த முதல் வாரம் யாரோ வழி கேட்டார்களாம். தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, சுவரில் தொங்கிய காலண்டர் படத்தைப் பார்த்து அளந்துவிட்டாராம். அப்புறம் கடையை விட்டு நகர நேரமில்லை. நேரம் கிடைத்தபோது வெயில் நாற்பத்துமூன்று டிகிரி.

"நீயும் பத்தொம்பது வருஷமா இங்கதானடா கெடக்குற. நீ போயிருக்கியா?" என்றார்.

நான் கிரிக்கெட் பற்றிப் பேச ஆரம்பித்தேன்.

வினை, வட்டார சபைத் தலைவர் பிங்கம் வடிவில் வந்தது. "இடுக்குக்குள்ள உன் பேர்ல ஒரு பெஞ்சு போட்டிருக்கோம் வெல்மா. சனிக்கிழமை திறப்பு. நீதான் முன்னாடி நடந்து எங்களைக் கூட்டிட்டுப் போகணும்."

அன்று முழுக்க அக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. "மானம் போயிடும்டா. இந்தக் காட்டுல எனக்குன்னு இருக்கிறது அந்த ஒரு பேச்சுதான். கால் ஒடஞ்சிடுச்சுன்னு கட்டுப் போட்டுக்கவா?"

"போட்டுக்கங்க. ஆனா எந்தக் கால்னு ஞாபகம் வெச்சுக்கணும்" என்றேன். கரண்டி பறந்து வந்தது.

சனிக்கிழமை காலையில் கிளம்பினோம். அக்கா, பிங்கம், மண்ரோட்டைச் சமன் செய்யும் வண்டி ஓட்டுகிற கெல்வின், நான். எல்லோருக்கும் பின்னால் வனக்காவலர் டெல்ஃபீன் வந்தாள். அந்த நிலம், கணக்கு வைக்க முடியாத காலம் தொட்டு அவளுடைய சனத்தின் நிலம். பெஞ்சுக்கு அனுமதி தந்ததும், அதைத் தூக்கிக்கொண்டு போய் உள்ளே போட்டதும் அவர்கள்தான்.

ஆறு பிரியும் இடத்தில் அக்கா தலையை நிமிர்த்தி இடது பக்கம் திரும்பினார். அரை மணி நேரம் முள்ளுப்புல்லில் கிழிபட்டு நடந்தோம். எதிரே ஒரு மொட்டைப் பாறை, முட்டிக்கொள்ளத் தோதாக நின்றது. அதற்கு மேல் வழியில்லை.

"கெல்வின், நீதான் மாசாமாசம் வர்றதா பீத்துவியே. நீ முன்னாடி போ" என்றார் அக்கா.

"நானா? நான் எப்பவும் தலைவர்கூடத்தான் வருவேன்."

பிங்கம் தொண்டையைச் செருமினார். "நான் வந்தப்ப மழைக்காலம். வழி வேற மாதிரி இருந்துச்சு."

"மழைக்காலத்துல மூணு மாசம் ரோட்டையே மூடிடுவீங்களே தலைவரே, நீந்தியா வந்தீங்க?" என்றாள் டெல்ஃபீன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டினேன். ஏற்கெனவே கட்டியிருந்ததை அவிழ்த்துக் கட்டினேன்.

அக்கா ஒரு கல்லில் உட்கார்ந்தார். முகம் தக்காளியாகியிருந்தது. "நான் இங்க வந்ததே இல்ல. ஒரு தடவகூட இல்ல. அத்தனையும் புளுகு."

"அப்பாடா!" என்று கெல்வினும் உட்கார்ந்துவிட்டான். "நானும்தான்."

டெல்ஃபீன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தெரியும்க்கா. உங்க பேச்சைக் கேட்டு இந்தப் பாறையில முட்டிக்கிட்டு நிக்கிறவங்கள, எத்தனையோ வருஷமா எங்க ஆளுங்கதானே சரியான வழிக்குக் கூட்டிட்டுப் போறோம். திரும்பறப்ப, 'அந்தம்மா சொன்ன மாதிரியே இருந்துச்சுன்னு சொல்லிட்டுப் போங்க, மனசு நோகக் கூடாது'ன்னு சொல்லி அனுப்புவோம்."

"பின்ன எதுக்குடி பெஞ்சுக்குச் சரின்னு சொன்னீங்க?"

"எங்கம்மாதான் சொன்னாங்க. பேர் போட்டுப் பெஞ்சு வெச்சாத்தான் அந்தப் பொம்பள வந்து பாப்பா, வெக்கச் சொல்லுன்னு."

அக்கா கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார், வியர்வைதான் என்றார். நானும் என் கைக்குட்டையைத் தேடினேன், எனக்கும் வியர்வைதான்.

வலது பக்கம் பத்தே நிமிடம். பாறைகள் இரண்டு பக்கமும் எழுந்து வானத்தை ஒரு கீற்றாக்கியிருந்தன. அடியில் பச்சைத் தண்ணீர். மணலில் படுத்திருந்த முதலை எங்களைப் பார்த்ததும் தண்ணீரில் குதித்து ஓடியது. அதுவாவது அக்கா சொன்னபடி நடந்தது.

"அடப்பாவிகளா," என்றார் அக்கா மெதுவாக, "நான் ரொம்பக் கம்மியால்ல சொல்லியிருக்கேன்."

பிங்கம் பையிலிருந்து பித்தளைத் தகட்டை எடுத்தார். 'இந்த இடத்தை அங்குலம் அங்குலமாக அறிந்த வெல்மாவுக்கு' என்று பொறித்திருந்தது. கெல்வின் திருகாணியைப் பெஞ்சில் வைத்தபோது அக்கா அவன் கையைப் பிடித்தார்.

"இப்ப வேணாம். உள்ள வை. இனி ஞாயித்துக்கெழமை கடை லீவு. பத்து வருஷம் வந்து பாத்துட்டுச் சொல்றேன், அப்ப மாட்டு."

"பதினஞ்சு ஆகும்க்கா" என்றாள் டெல்ஃபீன்.