செவ்வாய், வெள்ளி, மாதக் கடைசி

பிறருடைய பில்லைக் கட்டிக்கொடுக்கும் தொழிலில் பணம் நம் கையில் இரண்டு நிமிடம்தான் தங்கும். பழி மாதக்கணக்கில் தங்கும். கோவில்பத்தில் ஒரு மாடிப்படிக்குக் கீழே என் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர், வருகிறவர்களுக்கு இரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. கரண்டு பில், போன் பில், கடன் தவணை எல்லாம் கட்டித் தருகிறேன். ஒரு பில்லுக்குப் பத்து ரூபாய். அறிவுரை இலவசம் என்பதால் அதை அதிகம் பேர் வாங்குவதில்லை.

மாதக் கடைசியில் தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசிக்கிறவரா நீங்கள்? அப்படியானால் நாம் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறோம். வசந்தா அக்காவும் அந்த வரிசையில்தான் நின்றார். நம்மைவிடக் கொஞ்சம் நிமிர்ந்து.

ஏழு தாமதம்

வசந்தா அக்கா காரைக்கால்மேட்டு ஏலத்தில் மீன் எடுத்து, திருநள்ளாறு பக்கம் தெருத்தெருவாக விற்கிறவர். கணவர் விசைப்படகில் கூலிக்குப் போகிறார். ஒரு ஜனவரி மாதம், கூடையை வாசற்படியில் இறக்கி வைத்துவிட்டு உள்ளே வந்தார். லோடு ஆட்டோ வாங்க பேங்க்கில் கடன் கேட்டிருந்தாராம். பஸ்ஸில் மீன் கூடையை ஏற்ற மாட்டேன் என்கிறார்கள். ஏற்றினாலும் யாராவது மூக்கைப் பிடித்தால் பாதி வழியில் இறக்கிவிடுகிறார்கள். சொந்தமாக ஒரு வண்டியும் ஐஸ் பெட்டியும் இருந்தால் பேரளம் வரைக்கும் போகலாம். மேனேஜர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, கடன் ஸ்கோர் அறுநூற்று முப்பத்தெட்டுதான் இருக்கிறது, எழுநூறாவது வேண்டும், ஆறு மாதம் ஒரு தவணைகூடத் தவறாமல் கட்டிவிட்டு ஜூலையில் வாருங்கள் என்று அனுப்பிவிட்டார்.

அவருடைய கடன் அறிக்கையை எடுத்துப் பார்த்தேன். தராசுக்கும் ஐஸ் பெட்டிக்குமாக ஒரு நிதி நிறுவனத்தில் சின்னக் கடன். இரண்டு வருடமாக ஒரு தவணையும் பாக்கியில்லை. ஆனால் ஏழு தவணை ஒரு நாள் தாமதம். அவருக்குத் தவணைத் தேதி மாதத்தின் கடைசி நாள். ஒரு நாள் தள்ளினால் மாதம் மாறிவிடும். மாதம் மாறினால் அது பதிவாகிவிடும். அந்த ஏழு தேதிகளையும் காலண்டரில் வைத்துப் பார்த்தேன். ஒவ்வொன்றும் செவ்வாய், இல்லையென்றால் வெள்ளி.

கேட்டதும் அவர் கோபப்படவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். "செவ்வா வெள்ளியில காசை வெளிய குடுத்தா குடும்பம் வெளங்குமா தங்கச்சி? இதை எடுத்துச் சொல்ல அந்தக் கம்பெனிக்காரன் வீட்டுல பொம்பளைங்களே இல்லியா?"

ஜாமீன்

அறிக்கையில் இன்னொரு பள்ளமும் இருந்தது. அக்காவின் கொழுந்தன் கண்ணன் தவணையில் பைக் எடுத்திருந்தான். ஜாமீன் கையெழுத்து அக்கா போட்டது. மூன்று மாதமாக அவன் கட்டவில்லை. அந்தப் பாக்கி இருவர் பேரிலும் ஏறியிருந்தது. நான் இதைச் சொல்லும்போது கொஞ்சம் குரலைத் தாழ்த்தினேன். இந்த மாதிரிச் செய்தியில் இரண்டு குடும்பங்கள் பேச்சுவார்த்தை இல்லாமல் போனதைப் பார்த்திருக்கிறேன்.

மறுநாள் அக்கா கண்ணனை அழைத்து வந்தார். அவன் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, வேலை சரியாக அமையவில்லை, மழை, என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அக்கா அதைக் கேட்கவில்லை. சுருக்குப் பையிலிருந்து பணத்தை எடுத்து, மூன்று தவணையும் அபராதமும் எவ்வளவு என்று என்னிடம் கேட்டு, எண்ணி வைத்தார். ரசீது வந்ததும் மடித்து அவன் சட்டைப் பையில் செருகினார். இனி ஒவ்வொரு நாளும் விடியற்காலை ஏலக்கூடத்திலிருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் அவருடைய கூடையைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் விடவேண்டும், இந்தக் காசு கழியும்வரை என்றார்.

கண்ணன் புது வண்டியில் மீன் தண்ணி சொட்டுமே என்று முனகினான். அக்கா எழுந்துகொண்டே சொன்னார்: "உன் வண்டிக்கு நான் ஜாமீன் நின்னேன்ல? இனிமே என் கூடைக்கு நீ ஜாமீன்."

தானாகப் போகும் பணம்

தேதி தவறாமல் இருக்க எளிய வழி, கணக்கிலிருந்து தவணை தானாகவே போகும்படி எழுதிக் கொடுத்துவிடுவது. படிவத்தை நிரப்பி, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் பென்சிலால் பெருக்கல் குறியும் போட்டு வைத்தேன். இருபது வருடமாகப் பழகிய சம்பளக்காரர்கள்கூட இதைத்தான் செய்கிறார்கள் என்றேன்.

அக்கா படிவத்தைக் கையில் வாங்கவில்லை. யாரும் கேட்காமல், தானும் தொடாமல், பணம் எப்படிப் போகும் என்று இரண்டு முறை விளக்கச் சொன்னார். இரண்டாவது முறை விளக்கும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. கடைசியில் படிவத்தை என் பக்கமே தள்ளினார். "நான் எண்ணிக் குடுத்தா அது தவணை. அவனா வந்து எடுத்துக்கிட்டா அதுக்கு எங்க ஊர்ல வேற பேரு."

மரைக்காயரின் பிரிட்ஜ்

கடைத்தெருவில் வலை, கயிறு, மிதவை விற்கும் மரைக்காயர் மாதாமாதம் கரண்டு பில் கட்ட வருவார். எழுபது வயது இருக்கும். மீனவர்களுக்கு வலையைக் கொடுத்துவிட்டு, மீன்பாடு கிடைத்ததும் காசு வாங்கிக்கொள்கிறவர். வட்டி வாங்கியதுமில்லை, கொடுத்ததுமில்லை, மார்க்கத்தில் விலக்கியது. ஒரு நாள் பேத்திக்குக் கல்யாணச் சீராக பிரிட்ஜ் எடுக்கப் போயிருக்கிறார். கையில் முழுப் பணமும் இருந்தது. கடைக்காரப் பையன்தான், வட்டியே கிடையாது ஐயா, பத்து மாதத் தவணை, எல்லோரும் அப்படித்தான் எடுக்கிறார்கள் என்று ஆசை காட்டியிருக்கிறான். வட்டியில்லை என்றதால் மரைக்காயரும் சம்மதித்துவிட்டார்.

பையன் கம்ப்யூட்டரில் அவருடைய எண்களைத் தட்டினான். மறுத்துவிட்டது. மறுபடி தட்டினான். மறுபடியும் மறுத்தது. வாழ்நாளில் கடனே வாங்காதவருக்குக் கடன் அறிக்கை எப்படி இருக்கும்? அவருடைய இடத்தில் வெறும் கோடு. மொத்தப் பணத்தையும் அங்கேயே எண்ணி வைத்து பிரிட்ஜை எடுத்து வந்துவிட்டார். ஆனால் அந்தக் கோடு அவரை உறுத்திக்கொண்டே இருந்தது. ஊரில் பாதிப் படகு அவர் வாக்கை நம்பிக் கடலுக்குப் போகிறது. என்னிடம் வந்து, தன்னைப் பற்றி உள்ளே ஏதாவது எழுத முடியுமா என்று கேட்டார். முடியாது என்றேன். திரையை விரலால் தட்டிக் காட்டினார். "கம்ப்யூட்டருக்கு என்னைத் தெரியலன்னா, கடைத்தெருவுல வந்து யாரையாச்சும் கேக்கச் சொல்லும்மா."

தடைக்காலம்

ஜனவரி, பிப்ரவரி, மார்ச். மூன்று தவணையும் தேதிக்குள் போய்விட்டன. ஏப்ரல் நடுவில் மீன்பிடித் தடைக்காலம் தொடங்கியது. இரண்டு மாதம் விசைப்படகு எதுவும் போகாது. அக்கா வீட்டுக்காரரும் கரையில் உட்கார்ந்து வலையின் கிழிசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா நெத்திலிக் கருவாட்டைக் கூடையில் போட்டுக்கொண்டு கோவில்பத்துத் தெருக்களில் நடந்தார். நானும் வாங்கினேன். தேவைக்கு மேலேயே வாங்கினேன். வீட்டில் இரண்டு நாள் யாரும் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அப்போது ஒரு நாள் அக்கா கூடையோடு வந்தபோது மரைக்காயர் என் கடையில் இருந்தார். அக்காவை அவருக்குப் பல வருடமாகத் தெரியும். அவருடைய பிரிட்ஜ் கதை அக்காவுக்கும் தெரியும். எதற்கு இத்தனை அலைச்சல் என்று விசாரித்தார். நான் ஜூலைக் கெடுவைச் சொன்னேன். அவர் யோசிக்கவே இல்லை. "வண்டிக் காசை நானே தர்றேன் புள்ள. வட்டி வேணாம், எழுத்து வேணாம். கையில வர்றப்ப குடு" என்றார். வெறும் பேச்சு இல்லை. அவர் சொன்னால் சாயங்காலம் பணம் வந்துவிடும். நான் பிரிண்டரில் காகிதம் வைப்பதுபோல் திரும்பிக்கொண்டேன். இனி இந்தப் பாடு வேண்டாம், வாங்கிக்கொள்ளட்டும் என்றுதான் மனதுக்குள் நினைத்தேன்.

அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் சொன்னதைக் கேட்டு மரைக்காயர் தோள் குலுங்கச் சிரித்தார். "நீங்க குடுத்தா நாணயமாக் கட்டிடுவேன் மரைக்காயரே. ஆனா உங்களையே அந்த கம்ப்யூட்டருக்குத் தெரியல, உங்ககிட்ட கட்டின என்னை எப்படித் தெரியும்?"

என் தவறு

அந்த ஏப்ரலின் கடைசி நாள் செவ்வாய்க்கிழமை. எனக்கு முன்பே தெரியும். காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தேன். திங்களன்றே அக்காவை வரச்சொல்லி, தவணையைக் கட்டி, ரசீதையும் கையில் கொடுத்துவிட்டேன். ஒரு நாள் முன்னதாகக் கட்டினால் பேர் இன்னும் நன்றாக இருக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன். இந்தத் தொழிலில் இருப்பவள் அப்படி நினைத்திருக்கக் கூடாது. திங்களன்று போன பணத்தை அந்த நிறுவனத்தின் கணக்கு, அக்கா தாமாக விரும்பி அசலில் கட்டிய உபரித் தொகையாக எடுத்துக்கொண்டது. செவ்வாயன்று கேட்ட தவணைக்குப் பணம் இல்லை என்று எழுதிக்கொண்டது.

மே இரண்டாம் தேதி காலையில் அக்காவுக்கு போன் வந்தது. தவணை பாக்கி. அவர் நேராக என்னிடம் வந்து போனை மேஜைமேல் வைத்தார். நான்கு மாத உழைப்பு என் அவசரத்தால் போய்விட்டது. மாத அறிக்கை ஸ்கோர் போடும் இடத்துக்குப் போவதற்குச் சில நாட்கள் இருந்தன. கடையைப் பூட்டிவிட்டு அவரோடு கிளம்பினேன். வியாபாரத்துக்குப் புறப்பட்ட கருவாட்டுக் கூடையும் கூடவே வந்தது.

நிறுவனத்தின் அலுவலகத்தில் ஏசி. கதவுகள் எல்லாம் அடைத்திருந்தன. திங்கட்கிழமை வாருங்கள் என்றார் முதலில் இருந்தவர். அக்கா சரி என்று சொல்லிவிட்டு, கூடையைக் காலடியில் வைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டார். பத்து நிமிடத்தில் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். இருபதாவது நிமிடத்தில் உள்ளறையிலிருந்து ஒருவர் வந்து ரசீதை வாங்கிப் பார்த்தார், கணினியில் தேடினார், உபரியைத் தவணைக்கு மாற்றி, திருத்திய தாளில் முத்திரையும் வைத்துக் கொடுத்தார். படியிறங்கும்போது நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அக்கா கூடையைத் தலைக்கு ஏற்றியபடி சொன்னார்: "பஸ்ஸுல இந்த வாடைக்கு எறக்கி விடுறான். இங்க இந்த வாடைக்குத்தான் வேலை நடக்குது. ஒவ்வொரு எடத்துக்கு ஒவ்வொரு மரியாதை, விடு."

உப்பு

மே மாதக் கடைசி நாள் வெள்ளிக்கிழமை. இந்த முறை நான் தெளிவாக இருந்தேன். வியாழக்கிழமையே பணத்தை என்னிடம் கொடுத்துவிடட்டும். வெள்ளியன்று நான் என் கணக்கிலிருந்து கட்டுகிறேன். அவர் வீட்டைவிட்டுப் பணம் போவது வியாழன். நிறுவனத்துக்குப் போய்ச் சேர்வது வெள்ளி. யாருக்கும் குறையில்லை.

அக்கா பணத்தைக் கொடுத்தார். ஆனால் முகம் தெளியவில்லை. தன் வீட்டுக்கு ஆகாதது என் வீட்டுக்கு மட்டும் எப்படி ஆகும் என்பது அவருடைய கவலை. இது வீடில்லை, கடை என்றேன். நான் அதையெல்லாம் பார்ப்பதில்லை என்றேன். அவர் கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். வெள்ளிக்கிழமை காலை கடை திறப்பதற்குள் வந்து நின்றார், கையில் ஒரு கிலோ கல் உப்புப் பொட்டலம். நான் பணம் அனுப்பும் பொத்தானை அழுத்தும்வரை அதை என் மடியில் வைத்திருக்கச் சொன்னார். வைத்திருந்தேன். ரசீது வந்தபிறகுதான் நாற்காலியில் உட்கார்ந்தார். "உன் கையிலேருந்து ஒண்ணு வெளிய போறப்ப ஒண்ணு உள்ள வந்துடணும். எனக்காக உன் புள்ளைங்க வயித்துல நான் அடிக்க முடியாதுல்ல."

எழுநூற்றுப் பதினாறு

ஜூன் தவணையும் போனது. ஜூலையில் ஒரு புதன்கிழமை, நானும் கூட வரவேண்டும் என்று அக்கா சொன்னதால், பேங்க்குக்குப் போனோம். அன்று கூடை இல்லை. அக்கா இஸ்திரி போட்ட புடவை கட்டியிருந்தார். மேனேஜர் எண்ணைத் தட்டிவிட்டுக் காத்திருந்த அந்த அரை நிமிடத்தில் அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்திருந்ததைப் பார்த்தேன். ஆறு மாதத்தில் அவர் எதையாவது பிடித்துக்கொண்டதை நான் பார்த்தது அன்று மட்டும்தான்.

எழுநூற்றுப் பதினாறு. மேனேஜர் நல்ல மனிதர். திரையைத் திருப்பி அவருக்கே காட்டினார். வண்டிக்கடனுக்கான தாள்களில் அக்கா ஒவ்வொன்றாகக் கையெழுத்துப் போட்டார். ஒவ்வொரு தாளிலும் என்ன எழுதியிருக்கிறது என்று என்னைப் படிக்கச் சொல்லிவிட்டுத்தான் போட்டார். தவணைத் தேதியைப் பத்தாம் தேதியாக மாற்றச் சொன்னார், மாற்றினார்கள்; இனி ஒரு நாள் தள்ளினாலும் மாதம் மாறாது. வண்டியை யார் ஓட்டுவார் என்று மேனேஜர் கேட்டார். "நான்தான். லைசன்ஸ் எடுத்தாச்சு" என்றார் அக்கா. அது எனக்கே புதிய செய்தி.

எல்லாம் முடிந்து, மேனேஜர் கைகூப்பி, வேறு ஏதாவது கேட்கவேண்டுமா அம்மா என்றார். மரியாதைக்குக் கேட்டதுதான். அக்கா எழுந்தவர் மறுபடி உட்கார்ந்தார். "ஒண்ணே ஒண்ணுங்க. என் மார்க்கை ஆறு மாசமா இத்தனை பேரு பாத்துட்டீங்க. என் காசும் உங்ககிட்டதானே கெடக்கு, உங்க பேங்க்குக்கு எத்தனை மார்க்குன்னு நான் எங்க போய்ப் பாக்கறது?"

அன்று கடைக்குத் திரும்பியதும் என்னுடையதையும் எடுத்துப் பார்த்தேன்: ஊருக்கெல்லாம் தேதி தவறாமல் கட்டிக்கொடுக்கும் எனக்கு வசந்தா அக்காவைவிட முப்பத்தோரு மார்க் குறைவு.