பொன்முடி போகக் கிளம்பி விதுராவில் ஏற்றிக்கொண்ட ஊசி

பள்ளியில் எல்லாரும் பொன்முடி மலைக்குச் சுற்றுலா போனபோது வாத்தியார் என்னை மட்டும் கழித்துவிட்டார். எனக்கு ஹீமோஃபிலியா, ரத்தம் எளிதில் உறையாது. அவரை நான் இன்னும் மன்னிக்கவில்லை. போன சனிக்கிழமை, ஐம்பத்திரண்டு வயதில், கிளம்பினேன்.

கூட வந்தது பத்து வயது மூத்த அண்ணா. சிறுவயதில் எனக்கு ரத்தம் ஏற்றவேண்டி வந்தபோதெல்லாம் அவன்தான் கொடுத்தான். "இவன் உடம்புல ஓடறது என் ரத்தமாக்கும்" என்று எங்கள் கரமனையில் ஒரு கல்யாணப் பந்தி விடாமல் சொல்லியும் காட்டினான். இப்போது ரத்தம் உறையவைக்கும் மருந்து தூளாகக் குப்பியில் அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்கிறது. கூடவே தரும் தண்ணீரில் கரைத்து ஊசியில் ஏற்றவேண்டும்.

தம்பானூர் பஸ் நிலையத்தில் காலை 6.40க்குப் பஸ். மலையடிவாரத்துக் கல்லாறு சுமார் 45 கிலோமீட்டர். ஆளுக்கு அறுபது ரூபாய் வைத்துக்கொண்டால் போதும். 8.30க்கு இறங்கி ஆற்றைப் பார்க்கப் போனோம். பாறையில் வழுக்கி வலது முட்டி இடித்தது. பத்து நிமிடத்தில் உள்ளே சூடு பரவியது. உடனே மருந்து ஏறாவிட்டால் மூட்டுக்குள் ரத்தம் நிரம்பிவிடும். இடது முட்டி அப்படித்தான் மடங்காமல் போனது.

மருந்து கொண்டுவந்த ஐஸ் டப்பாவைத் திறந்தேன். தூள் இருந்தது, தண்ணீர் இல்லை. அதற்குக் குளிர் வேண்டாமே என்று வீட்டு மேசையிலேயே வைத்துவிட்டிருக்கிறேன்.

"பேடிக்கண்டா சேட்டா, விதுரா ஆசுபத்திரி பத்து மினிட்டு" என்று தைரியம் சொல்லி ஏற்றிக்கொண்டார் ஓர் ஆட்டோக்காரர். ஏழு கிலோமீட்டர், இருநூறு ரூபாய்.

நான் வாய் திறக்கும்முன் அண்ணா சட்டைக் கையைச் சுருட்டி நர்ஸிடம் நீட்டிவிட்டான். "சிஸ்டர், என்கிட்டேர்ந்து எடுத்துக்கோங்கோ. ஒரே குரூப்பாக்கும்."

அவர் குப்பியைப் படித்துச் சிரித்தார். "ரத்தம் ஒண்ணும் வேண்டா சேட்டா. பத்து எம்.எல். தண்ணி போதும்."

"தண்ணியா? அப்போ நான் எதுக்கு?"

"இத உருட்டுங்க. குலுக்கப் படாது."

டாக்டரிடம் கேட்டு, ஊசிக்கான தண்ணீரைக் குப்பியில் விட்டுக் கொடுத்தார். தூள் கரையும்வரை அண்ணா அதை உள்ளங்கைகளுக்கிடையில் உருட்டினான். மருந்து ஏறிய பின் மூன்று மணி நேரம் படுத்திருந்தேன். வீக்கம் ஏறவில்லை, முட்டி மடங்கியது. மூச்சு வந்தது.

என்னைப் போன்றவர்கள் போவதானால் தூளையும் தண்ணீரையும் ஒன்றாகக் கட்டி எடுத்துப் போங்கள். ஆற்றைக் கரையிலிருந்தே பாருங்கள். பொன்முடியைப் பற்றி எனக்கு இன்னும் தெரியாது.

திரும்பும் பஸ்ஸில் அண்ணா ரத்தப் பேச்சையே எடுக்கவில்லை. நானாகக் கேட்டேன்: "அப்பல்லாம் ஊசி குத்தறச்சே வலிக்குமா?"

"பயமா இருக்கும்டா. ரெண்டு தடவை மயக்கம் போட்டிருக்கேன்" என்றான். "அம்மாட்ட சொல்லலை. சொன்னா அடுத்த தடவை விடமாட்டா."